பதினெட்டு மாத மௌனத்துக்குப் பிறகு: ஒரு செய்திமடல் சேவையின் மதிப்பீடு

செய்திமடல் அனுப்புவதற்கென்றே பணம் கட்டிச் சேர்ந்த சேவை, சேர்ந்த முதல் நாளிலேயே என்னை அனுப்ப விடாமல் தடுத்தது. பழைய முகவரிப் பட்டியலை ஏற்றி, கடிதத்தையும் எழுதி முடித்து, அனுப்பும் பொத்தானை அழுத்தப் போன நேரத்தில், "இம்முகவரிகளுக்கு நீங்கள் கடைசியாக எழுதியது எப்போது?" என்ற கேள்வி திரையில் வந்து நின்றது. பதினெட்டு மாதங்களுக்கு முன் என்று உண்மையைச் சொன்னேன். பட்டியல் ஆய்வில் இருப்பதாக உடனே ஓர் அறிவிப்பு வந்தது. அதன் பின் இரண்டு நாட்களுக்கு அந்தப் பொத்தான் மங்கியே கிடந்தது. அன்று இருந்த கோபத்தில் இந்த மதிப்பீட்டை எழுதியிருந்தால் ஒரு பத்தியோடு முடிந்திருக்கும். நான்கு மாதங்கள் பயன்படுத்திய பிறகு எழுதுவதால், அந்தத் தடையையே இச்சேவையின் ஆகச் சிறந்த அம்சமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுடையது கையால் தைத்த குறிப்பேடுகளைச் செய்து விற்கும் இருவர் பட்டறை. ஒரு காலத்தில் மாதம் தவறாமல் செய்திமடல் அனுப்பிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு மாதம் வேலை மிகுதியால் தவறியது. மறுமாதம், சென்ற மாதம் தவறியதற்கும் சேர்த்து ஏதாவது சிறப்பாக எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டோம். அதற்கடுத்த மாதம் அதைவிடச் சிறப்பாக எழுத வேண்டியதாயிற்று. கடன்பட்டவர் தெருவை மாற்றி நடப்பதைப் போல, அந்தப் பட்டியல் இருந்த கோப்பையே திறக்காமல் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. மீண்டும் எழுதத் தொடங்கியபோது பழைய சேவையின் கணக்கு காலாவதியாகியிருந்ததால், பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய சேவைக்கு மாறினோம். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. குறைகளையும் சொல்லவிருக்கிறேன் என்பது ஒரு காரணம். சிறு தொழில்களுக்கான மின்னஞ்சல் சேவைகள் பலவும் ஏறத்தாழ இதே கருவிகளை இதே வரிசையில்தான் வைத்திருக்கின்றன என்பது இன்னொரு காரணம். விட்டுப்போன வாசகர்களிடம் திரும்பிச் செல்ல விரும்பும் எவருக்கும், எந்தச் சேவையில் இருந்தாலும், கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் அந்தத் தடையைப் பற்றி. பழைய முகவரிப் பட்டியல் அலமாரியில் வைத்த பொருளைப் போல அப்படியே இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது அப்படி இருப்பதில்லை. வேலை மாறியவர்களின் அலுவலக முகவரிகள் செத்துப்போகின்றன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. யாகூ பன்னிரண்டு மாதங்கள் தொடப்படாத அஞ்சல்பெட்டிகளை மீட்டுக்கொள்கிறது. இப்படி இறந்த முகவரிக்கு அனுப்பினால் கடிதம் திரும்பி வரும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. கைவிடப்பட்ட முகவரிகளில் சிலவற்றைச் சிறிது காலம் செயலிழக்க வைத்துவிட்டு, பிறகு பொறியாக மீண்டும் திறந்துவைக்கும் வழக்கம் அஞ்சல் நிறுவனங்களிடமும் ஸ்பேம் எதிர்ப்பு அமைப்புகளிடமும் உண்டு. அம்முகவரிக்கு யாராவது எழுதினால், அவர் நெடுநாளாகத் தன் பட்டியலைச் சுத்தம் செய்யாதவர் அல்லது பட்டியலை எங்கோ விலைக்கு வாங்கியவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பட்டியலை நேர்மையாகச் சேர்த்தவரையும் விலைக்கு வாங்கியவரையும் அந்தப் பொறியால் பிரித்தறிய முடியாது. மௌனமாக இருந்த ஒன்றரை ஆண்டு, நல்ல பட்டியலையும் கெட்ட பட்டியலின் சாயலுக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இதில் சேவைக்கு என்ன அக்கறை என்றால், எங்களைப் போன்ற சிறிய அனுப்புநர்களுக்குத் தனி ஐபி முகவரி (கடிதத்தை அனுப்பும் கணினியை இணையத்தில் அடையாளம் காட்டும் எண்) கிடையாது. நூற்றுக்கணக்கானோர் ஒரே ஐபி முகவரித் தொகுப்பைப் பகிர்ந்துகொள்கிறோம். ஒருவர் அழுகிய பட்டியலுக்கு அனுப்பினால் அந்தப் பெயர்கேடு அக்கம்பக்கத்தவர் மேலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சேவை என்னைத் தடுத்தது என் நன்மைக்காக அன்று, என் அக்கம்பக்கத்தவரின் நன்மைக்காக. என் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களையும் அது அதே போலத் தடுக்கிறது என்பது புரிந்ததும் என் கோபம் தணிந்தது. ஒரு செய்திமடல் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்தக் கேள்வியும் கேட்காமல் பட்டியலை ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். ஏற்றுக்கொண்டால் அந்த வீட்டில் குடியேறாமல் இருப்பதே நல்லது.

ஆனால் செய்த நல்ல காரியத்தை விளக்கிச் சொல்ல இச்சேவைக்குத் தெரியவில்லை. மேலே நான் எழுதியவற்றில் ஒரு வரிகூட அந்த ஆய்வு அறிவிப்பில் இல்லை. இரண்டாம் நாள் முடிவில், கடைசியாக எங்களிடம் பொருள் வாங்கியவர்கள் முதலில் வருமாறு பட்டியலைப் பிரித்து, சிறு சிறு தொகுதிகளாக அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையுடன் அனுமதி வந்தது. கூடவே, முகவரிகளைச் சரிபார்க்கும் தனிக் கருவி ஒன்றைக் கூடுதல் கட்டணத்துக்கு வாங்கும்படி ஒரு பரிந்துரையும் வந்தது. வாங்கினேன். எழுத்துப் பிழையுள்ள முகவரிகளையும் இல்லாத டொமைன்களையும் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் இணையப் பெயர்கள்) மூடப்பட்ட அஞ்சல்பெட்டிகளையும் அது பொறுப்பாகக் களைந்தது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பொறி முகவரி உயிருள்ள முகவரியைப் போலவே பதில் சொல்லும் என்பதால் எல்லாப் பொறிகளையும் அதனால் கண்டுபிடித்துவிட முடியாது. நம்மை மறந்துபோன மனிதரைக் கண்டுபிடிக்கும் கருவி எதுவும் இன்னும் வரவில்லை.

அடுத்தது டொமைன் அமைப்பு. இதைப் பலரும் தொழில்நுட்பம் தெரிந்த நண்பரிடம் விட்டுவிடுகிறார்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் எழுதுபவர் அப்படி விடக் கூடாது. நாங்கள் கடைசியாக மடல் அனுப்பிய காலத்துக்கும் இன்றைக்கும் இடையே விதிகள் மாறியிருந்தன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் அனுப்புநர்கள் தங்களை நிரூபிக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கிவிட்டன; ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5000 அல்லது அதற்கு மேற்பட்ட கடிதங்களை அனுப்புவோர் எஸ்பிஎஃப் (டொமைனின் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (கடிதத்தின் மேல் இடும் மின்முத்திரை), டிமார்க் (இச்சோதனைகளில் தவறும் கடிதத்தை என்ன செய்வது என்ற கொள்கை) ஆகிய மூன்றையும் வைத்திருக்க வேண்டும், சிறிய அனுப்புநர்களும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். 2025 மே மாதத்தில் அவுட்லுக் தரப்பும் பெரிய அனுப்புநர்களுக்கு இதைப் போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. எங்கள் அளவு அந்த எண்ணிக்கைக்கு அருகில்கூட இல்லை. இருந்தும் மூன்றையும் அமைத்துக்கொண்டோம். ஒன்றரை ஆண்டாகக் குரல் கேட்காத ஒருவர் கதவைத் தட்டும்போது அடையாளச் சீட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது முறைதானே.

இச்சேவையின் அமைப்பு வழிகாட்டி தெளிவாக இருக்கிறது. எந்த வரியை எங்கே ஒட்ட வேண்டும் என்பதைப் படம் போட்டுக் காட்டுகிறது. ஆனால் ஒரு குழியை அது காட்டவில்லை. எங்கள் அன்றாட அஞ்சல்பெட்டிக்கென்று ஏற்கெனவே ஒரு எஸ்பிஎஃப் பதிவு டொமைனில் இருந்தது. வழிகாட்டி சொன்னபடி சேவைக்கான இன்னொரு பதிவையும் சேர்த்தேன். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை பிழையாகவே முடியும். இரண்டையும் ஒரே வரியாக இணைத்திருக்க வேண்டும். சேவையின் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் பச்சைக்குறி விழுந்திருந்தது, ஏனென்றால் அது தன் பங்குக்கான வரி இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. எங்கள் அன்றாடக் கடிதங்கள் சிலருக்கு ஸ்பேம் பெட்டியில் விழத் தொடங்கிய பிறகுதான் காரணம் தெரிந்தது. வாடிக்கையாளர் உதவிக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது, மரியாதையாகவும் இருந்தது, ஆனால் அதே வழிகாட்டியின் சுட்டியைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

இலவச அஞ்சல் முகவரியிலிருந்தே மடல் அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யாகூ 2014 ஏப்ரலில், தன் முகவரியைப் போட்டுக்கொண்டு வேறு இடங்களிலிருந்து வரும் கடிதங்களை நிராகரிக்கும்படி டிமார்க் கொள்கையை இறுக்கியபோது, உலகெங்கும் பல குழு அஞ்சல்கள் தடைபட்டன. அந்த வழியில் இனி திரும்பிப் போக முடியாது. சொந்த டொமைன் இல்லையென்றால் முதலில் அதைப் பெற்றுக்கொண்டு, பிறகு கடிதத்தைப் பற்றி யோசிப்பதே சரி.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். இச்சேவையோடு எனக்குள்ள ஆழமான பிணக்கு இங்கேதான். வார்ப்புருக்கள் (முன்பே வடிவமைத்து வைத்த கடித மாதிரிகள்) வரிசையில், விட்டுப்போன வாசகர்களை மீட்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் உள்ளவை எல்லாம் ஒரே ஒப்பாரியை வெவ்வேறு நிறங்களில் பாடுகின்றன: "உங்களைக் காணாமல் தவிக்கிறோம்", "எங்களை மறந்துவிட்டீர்களா?", "நாங்கள் செய்த தவறு என்ன?" கூடவே வாடிய முகத்துடன் ஒரு நாய்க்குட்டி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அனுமானம், கடிதங்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன, படிப்பவர்தான் படிப்பதை நிறுத்திவிட்டார் என்பது. எங்கள் விஷயத்தில் காணாமல் போனவர்கள் நாங்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர், திரும்பி வந்து விருந்தாளியைப் பார்த்து "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

இது வெறும் சொல்நடைப் பிரச்சினை என்றால் வேறு சொற்களை எழுதிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கருவியின் உள்ளமைப்பே அந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது. தொண்ணூறு நாட்களாகக் கடிதத்தைத் திறக்காதவர்களை 'உறங்குபவர்கள்' என்று இச்சேவை தானாகவே வகைப்படுத்துகிறது. எங்கள் பழைய புள்ளிவிவரங்களோடு பட்டியலை ஏற்றியதும், அதில் இருந்த ஒவ்வொருவரும், மௌனத்துக்கு முன் அனுப்பிய கடைசிக் கடிதத்துக்கு அன்றே பதில் எழுதியவர்கள் உட்பட, உறங்குபவர்களாகிவிட்டார்கள். அனுப்பாத கடிதத்தைத் திறக்காததற்காக அவர்களுக்கு இந்தப் பட்டம். அனுப்புநர் மௌனமாக இருந்த காலத்தைக் கணக்கிலிருந்து கழிக்க ஒரு வசதியும் இல்லை. மீட்புக்கான தானியங்கித் தொடரை நான் இயக்கிவிட்டிருந்தால், எல்லோருக்கும் ஒரே வாரத்தில் மூன்று கெஞ்சல் கடிதங்கள் போயிருக்கும். அதை அணைத்து வைத்தேன். செய்திமடலை இடையில் நிறுத்தி மீண்டும் தொடங்கும் சிறு தொழில்கள் எத்தனையோ இருக்கும்போது, அவற்றுக்கென்று ஒரு பொத்தான்கூட இல்லாதது பெரிய குறை.

வார்ப்புரு எதையும் எடுக்காமல், படமும் சட்டமும் இல்லாத சாதாரண எழுத்துக் கடிதமாகவே எழுதினேன். நாங்கள் யார் என்பது முதல் வரி. எங்கள் குறிப்பேடு ஒன்றை வாங்கியபோதோ எங்கள் தளத்தில் பதிந்தபோதோ இந்த முகவரியைத் தந்தீர்கள் என்பது இரண்டாவது வரி. ஒன்றரை ஆண்டாக எழுதவில்லை, வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டோம் என்பது மூன்றாவது. இனி மாதம் ஒரு மடல் வரும், அதில் என்ன இருக்கும், வேண்டாமென்றால் இந்தச் சுட்டியை அழுத்தினால் போதும் என்று, விலகும் சுட்டியைக் கடிதத்தின் அடியில் மங்கலான சிற்றெழுத்தில் புதைக்காமல் நான்காம் வரியிலேயே வைத்தேன். அதன் பின் பட்டறையில் இப்போது நடக்கும் வேலை ஒன்றைப் பற்றிச் சில வரிகள். தள்ளுபடி அறிவிப்பு எதுவும் கொடுக்கவில்லை. நெடுநாள் கழித்துப் பேசும்போது முதல் வார்த்தையே விற்பனையாக இருந்தால், பேச வந்ததே அதற்குத்தான் என்றாகிவிடும். இதில் என் கூட்டாளிக்குக் கருத்து வேறுபாடு உண்டு. மன்னிப்புக் கேட்பவர் கையில் எதையாவது கொண்டு போக வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு எங்கள் பட்டியல் பெரிதன்று.

சேவையில் தலைப்பு வரிகளைப் பரிந்துரைக்கும் கருவி ஒன்று உண்டு. என் கடிதத்தைப் படித்துவிட்டு அது தந்த ஐந்து பரிந்துரைகளில் ஒன்று, பழைய உரையாடலுக்குப் பதில் எழுதுவது போல 'ரீ' என்று தொடங்கியது. திறப்பவர்களின் எண்ணிக்கையை அது உயர்த்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. திறந்த பின் ஏமாந்தவர்களின் எண்ணிக்கையையும் அதே அளவுக்கு உயர்த்தும். நடவாத உரையாடலுக்குப் பதில் போல் தலைப்பிடக் கூடாது என்று ஜிமெயிலின் அனுப்புநர் நெறிகள் சொல்கின்றன; ஏமாற்றும் தலைப்பு வரிகளை அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம் தடை செய்கிறது. வாசலில் அவ்வளவு கண்டிப்பாக நின்று பட்டியலை ஆராய்ந்த அதே சேவை, உள்ளே இப்படி ஒரு யோசனையைக் கூசாமல் நீட்டியது எனக்கு வியப்பாக இருந்தது. இரண்டையும் செய்தவர்கள் ஒரே அலுவலகத்தில் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை போலும். பட்டறையின் பெயரையும் "மீண்டும் எழுதுகிறோம்" என்ற இரண்டு சொற்களையும் மட்டும் தலைப்பாக வைத்து அனுப்பினேன்.

அனுப்பும் முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொகுதிகளாகப் பிரிப்பது எளிது. ஒரு தொகுதியின் விளைவைப் பார்த்துவிட்டு அடுத்ததை நிறுத்தி வைக்க முடிகிறது. திரும்பி வந்த கடிதங்களில், முகவரியே இல்லை என்று வந்தவற்றை உடனடியாக நீக்குகிறது. பெட்டி நிரம்பியது போன்ற தற்காலிகத் தடைகளுக்குச் சில முறை முயன்று பார்த்துவிட்டே ஓய்கிறது. முதல் தொகுதியைவிட மூன்றாம் தொகுதியில் திரும்பி வந்தவை கூடுதலாக இருந்தன. பழைய முகவரிகள் பின்னால் இருந்ததால் அது எதிர்பார்த்ததுதான். ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தால் அந்தக் கெட்ட பகுதி நல்ல பகுதியையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

எனக்கு முக்கியமாக இருந்தது பதில்கள். பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து மடல் அனுப்புவதே வழக்கமாகிவிட்ட காலத்தில், "இக்கடிதத்துக்கு நேராகப் பதில் எழுதலாம்" என்று கடைசி வரியில் சேர்த்திருந்தேன். எழுதினார்கள். வாங்கிய குறிப்பேடு தீர்ந்து எட்டு மாதமாகிறது, கடையை மூடிவிட்டீர்கள் என்று நினைத்து வேறொன்றை வாங்கிவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். யார் நீங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டாவது வரியை அவர் படிக்கவில்லை, அல்லது நான் தெளிவாக எழுதவில்லை. இன்னொருவர், ஒன்றரை ஆண்டு நிம்மதியாக இருந்தேன், ஏன் கெடுத்தீர்கள் என்று கேட்டு, அடுத்த வரியிலேயே நூல் பிரிந்துபோன ஒரு குறிப்பேட்டைத் திருத்தித் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். இந்தப் பதில்கள் எங்கள் அஞ்சல்பெட்டிக்கு நேராக வந்தன; சேவையின் அறிக்கையில் இவற்றுக்கு இடமே இல்லை. மறுஇணைப்பு என்ற பெயரில் நான் செய்த வேலையின் மெய்யான பலன் எதுவோ, அதை மட்டும் அறிக்கை கணக்கிடவில்லை.

அது கணக்கிடுவது திறப்பு விகிதத்தை. அறிக்கையைத் திறந்தவுடன் பெரிய பச்சை வட்டத்தில் ஓர் எண் சுழன்று வந்து நிற்கிறது. கடிதத்துக்குள் ஒளித்து வைத்த கண்ணுக்குத் தெரியாத சிறு படம் எத்தனை முறை தரவிறக்கப்பட்டது என்பதே அந்த எண். 2021 செப்டம்பரில் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 15 உடன் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்த பிறகு, அந்தப் பாதுகாப்பை ஏற்றவர்களின் கடிதங்களில் உள்ள படங்களை, அவர்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும், ஆப்பிளே முன்கூட்டித் தரவிறக்கிவிடுகிறது. படங்களைத் தடுத்து வைத்துவிட்டு எழுத்தை மட்டும் படிப்பவர்களோ, வரிக்கு வரி படித்தாலும் திறக்காதவர்களாகவே பதிவாகிறார்கள். ஆக அந்த வட்டத்துக்குள் படிக்காத சிலர் இருக்கிறார்கள், வெளியே படித்த சிலர் இருக்கிறார்கள். கிளிக்குகள் இதைவிட நம்பத்தக்கவை என்றாலும், சில அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் கடிதம் வந்தவுடன் அதில் உள்ள எல்லாச் சுட்டிகளையும் தாமே அழுத்திச் சோதிக்கின்றன. அனுப்பிய சில நொடிகளில் ஒருவர் ஆறு சுட்டிகளையும் அழுத்தியிருந்தால் அவர் மனிதர் அல்லர்.

ஆப்பிள் வழியான திறப்புகளைக் கழித்துக் காட்டும் வசதி இச்சேவையில் இருக்கிறது. அது அமைப்புகளுக்குள் மூன்றாவது அடுக்கில், தொடக்கத்தில் அணைந்த நிலையில் இருக்கிறது. அதை இயக்கியதும் பச்சை வட்டம் சட்டென்று சுருங்கியது. எவரும் தாமாகத் தேடிப் போய் இயக்க விரும்பாத பொத்தான்தான். ஆனால் இது மனத்திருப்தி பற்றிய பிரச்சினை மட்டுமன்று. யார் விழித்திருப்பவர், யார் உறங்குபவர் என்று இச்சேவை முடிவு செய்வதும், உறங்குபவர்களைத் தானாக நீக்கும் வசதி இயங்குவதும் இந்தத் திறப்புகளை வைத்தே. அப்படி நீக்க விட்டால், ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்க்காத ஆப்பிள் பயனர் பட்டியலில் பத்திரமாக இருப்பார். படத்தைத் தடுத்துவிட்டுப் பொறுமையாகப் படிக்கும் வாசகர் வெளியேற்றப்படுவார். எங்களுக்குப் பதில் எழுதியவர்களில் சிலர் சேவையின் கணக்கில் கடிதத்தைத் திறக்காதவர்கள். திறக்காத கடிதத்துக்கு அவர்கள் எப்படிப் பதில் எழுதினார்கள் என்பதைச் சேவைதான் விளக்க வேண்டும்.

கடிதத்தின் அளவு பற்றியும் ஒரு குறிப்பு. ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேல் நீளும் கடிதத்தை இடையில் வெட்டி, மீதியைப் பார்க்க ஒரு சுட்டியை மட்டும் தரும். இச்சேவையின் அலங்கார வார்ப்புருக்கள் சிலவற்றில், நான் ஒரு சொல் எழுதும் முன்பே அந்த வரம்பின் கணிசமான பகுதி தீர்ந்துவிட்டிருந்தது. வெட்டப்பட்ட கடிதத்தில் முதலில் மறைவது அடியில் இருக்கும் விலகும் சுட்டி. அது கண்ணில் படாதவர், மேலே எளிதாகக் கைக்கு எட்டும் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்.

ஸ்பேம் புகார் என்பது பெரியவர்களின் கவலை என்று சிறிய அனுப்புநர்கள் நினைக்கக் கூடாது. ஜிமெயில் நெறிகளின்படி புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடவே கூடாது, 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. 300 பேருக்கு அனுப்பும் ஒருவருக்கு ஒரே ஒரு புகார் வந்தாலே 0.33 விழுக்காடு ஆகிவிடும். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவியில் இதைப் பார்க்கலாம் என்று சேவையின் உதவிப் பக்கம் சொல்கிறது. அனுப்பும் அளவு குறைவாக இருந்தால் அக்கருவி எண் எதையும் காட்டாது என்பதைச் சொல்லவில்லை. நாங்கள் பார்த்தபோது வெற்றுப் பக்கமே தெரிந்தது. ஆகவே சிறியவர்களுக்கு உள்ள ஒரே வழி, விலகுவதைப் புகார் செய்வதைவிட எளிதாக்கி வைப்பது. இதில் சேவை பாதி சரியாகச் செய்கிறது. அஞ்சல் செயலியிலேயே அனுப்புநர் பெயருக்கு அருகில் தோன்றும் ஒரே கிளிக் விலகலை, 2017இல் வரையறுக்கப்பட்ட நெறிமுறைப்படி அது கடிதத்தின் கண்ணுக்குத் தெரியாத தொழில்நுட்பத் தலைப்புப் பகுதியில் சேர்க்கிறது. அழுத்தியவுடன் வேலை முடிகிறது. ஆனால் கடிதத்துக்குள் இருக்கும் சுட்டியை அழுத்தினால், உறுதிதானா என்று ஒரு பக்கம், காரணம் என்ன என்று இன்னொரு பக்கம். போகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு விசாரிக்கும் அந்த இரண்டாம் பக்கத்தை அணைக்க முடிகிறது. முதல் பக்கத்தை அணைக்க முடியவில்லை.

ஒப்புதல் விஷயத்தில் மௌனத்தின் நீளம் சட்டப்படியும் பொருள் உள்ளது என்பதை இம்முயற்சியின்போதுதான் அறிந்தேன். 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கனடாவின் ஸ்பேம் எதிர்ப்புச் சட்டத்தில், ஒருவர் பொருள் வாங்கியதை வைத்து ஊகிக்கப்படும் ஒப்புதல் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும்; வெறுமனே விசாரித்தவர் என்றால் ஆறு மாதம். 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதிகளின் கீழ், ஒப்புதலை நம்பி எழுதுபவர் அதைப் பெற்றதற்கான சான்றைக் காட்ட வேண்டியிருக்கும். கனடாவிலோ ஐரோப்பாவிலோ வாடிக்கையாளர் ஒருவராவது இருந்தால் இவை பொருந்தக்கூடும். பட்டியலை ஏற்றும்போது ஒவ்வொருவரும் எப்போது, எப்படிச் சேர்ந்தார் என்ற விவரத்தையும் சேர்த்து ஏற்ற இச்சேவை இடம் தருகிறது. எங்கள் பழைய கோப்பில் சிலருக்கு அந்தத் தேதியே இல்லை. தேதி இல்லாதவர்களுக்குக் கடிதம் போகவில்லை. அதில் நல்ல வாடிக்கையாளர்கள் சிலரும் இருந்திருக்கக்கூடும் என்பது தெரிந்தேதான் விட்டோம்.

முதல் கடிதத்துக்கு எந்த அசைவும் காட்டாதவர்களுக்கு ஆறு வாரம் கழித்து இன்னொரு கடிதம் அனுப்பினோம். தொடர்ந்து பெற விரும்பினால் இந்தச் சுட்டியை ஒரு முறை அழுத்துங்கள், அழுத்தாவிட்டால் இதுவே கடைசிக் கடிதம் என்று அதில் எழுதியிருந்தோம். சொன்னபடியே பிறகு நீக்கினோம். நீக்கும்போது சேவையின் இன்னொரு முகம் தெரிந்தது. கட்டணம் பட்டியலில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தாமாக விலகியவர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்கிறார்கள். அவர்களைத் தனியே தேர்ந்தெடுத்து ஆவணக் காப்புக்கு மாற்றினால்தான் எண்ணிக்கை இறங்குகிறது. நான் எழுதவே கூடாத ஒருவருக்காக மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். உறங்குபவர்களை நீக்க முனைந்தபோது, "இவர்களை மீட்க இன்னும் வாய்ப்பிருக்கிறது" என்ற பெட்டி ஒன்று எழுந்து அந்த நாய்க்குட்டி வார்ப்புருவுக்கே வழிகாட்டியது. பெரிய பட்டியல் அவர்களுக்கு வருமானம் என்பதை மறக்காமல், அந்தப் பெட்டியை மூட வேண்டும்.

கைப்பேசிச் செயலி அறிக்கை பார்க்க மட்டுமே உதவுகிறது. அதில் கடிதம் எழுத முயல வேண்டாம். தமிழ் எழுத்துகள் திரையிலும் பெறுபவரின் பெட்டியிலும் சிதையாமல் வருகின்றன, ஆனால் பெறுபவரின் பெயரைத் தானாக நிரப்பும் வசதியைத் தமிழில் கவனமாகக் கையாள வேண்டும்: வெற்றிடத்தில் வெறும் பெயர் விழுமே தவிர, அதற்கு ஏற்ற வேற்றுமை உருபு சேராது. "அன்புள்ள" என்பதற்குப் பின் பெயர் வருவது போல மட்டும் வாக்கியத்தை அமைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். அரை மதிப்பெண் திறப்பு வட்டத்துக்காகவும், ஒன்று அனுப்புநரின் மௌனத்தை வாசகரின் தலையில் ஏற்றும் அந்தக் கணக்குக்காகவும் போனது. பட்டியல் ஏற்றும் வாசலில் அது காட்டிய கண்டிப்பு இல்லையென்றால் மேலும் குறைத்திருப்பேன். ஆண்டுக் கட்டணத்துக்கு மாறினால் இரண்டு மாதம் இலவசம் என்று சேவை எழுதியிருக்கிறது, மாறவில்லை. பட்டியலை எப்போது வேண்டுமானாலும், சேர்ந்த தேதியோடும் விலகிய தேதியோடும் சேர்த்து முழுதாக எடுத்துக்கொள்ள முடிகிறது என்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டேன். மாதக் கட்டணத்திலேயே தொடர்கிறேன். நாங்கள் மறுபடியும் ஒரு மாதம் தவறினால், அந்த ரசீதாவது வந்து நினைவூட்டும்.